தண்ணிக்குள்ள கோட்டை... மலை மேல கல்வீடு! சைக்கிளில் ஒரு சரித்திரப் பயணம்

மேட்டுப்பாளையம்: பவானிசாகர் அணையில் தண்ணீர் வற்றினால் விவசாயிக்கு வயிறு எரியும். ஆனால் அதே நேரத்தில்தான் ஒரு பழைய ஊரே தலையைத் தூக்கிப் பார்க்கும். கோட்டைச் சுவர், கோவில் தூண், கல் மண்டபம் எல்லாம் சேற்றுக்கு நடுவே தெரிய ஆரம்பிக்கும். மழை பிடித்து அணை நிரம்பியதும் மறுபடி முங்கிப் போகும்.

அதன் பெயர் டணாய்க்கன் கோட்டை. நம்ம ஊரில் பாதிப் பேருக்கு பெயர் தெரியும், கதை தெரியாது. இந்தக் கோட்டையில் ஆரம்பித்து, சிறுமுகை வழியாக கோத்தகிரி மலை மேல் இருக்கும் பழங்காலக் கல்வீடுகள் வரை ஒரு பழைய பாதை ஓடுகிறது. இன்றைக்கும் அந்தப் பக்கம் ரோடு இருக்கிறது. சைக்கிள் இருந்தால் போதும், இரண்டு நாளில் பார்த்துவிட்டு வந்துவிடலாம்.

மேட்டுப்பாளையம்தான் ஊட்டிக்கு வாசல் என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். இது சமீபத்தில் வந்த பெருமை. அதற்கு முன்னால் பல நூறு வருஷம் மலைக்கு வாசலாக இருந்தது இந்த டணாய்க்கன் கோட்டைதான்.

கட்டியது யார்?

தண்டநாயகன் என்றால் படைத்தளபதி. அது பேச்சு வழக்கில் தேய்ந்து டணாய்க்கன் ஆகிவிட்டது. ஒய்சள மன்னர் மூன்றாம் வல்லாளனின் தளபதி மாதவ தண்டநாயகன், 14-ம் நூற்றாண்டு தொடக்கத்தில் இங்கிருந்து ஆட்சி செய்தான். அவனுக்கு நீலகிரியை அடக்கியவன் என்று பட்டமே உண்டு. கோட்டைக்குள் இருந்த மாதவராயப் பெருமாள் கோவில் அவன் பெயரைத்தான் சொல்கிறது.

மலையை அடக்கும் வேலை அதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. ஒய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் தளபதி புணிசன், தோடர்களை மிரட்டி நீலமலையைப் பிடித்தான் என்று 1117-ம் ஆண்டு கல்வெட்டு ஒன்று சாமராஜநகர் பக்கம் இருக்கிறது. நம்ம நீலகிரியின் பெயரும் தோடர் பெயரும் எழுத்தில் வரும் மிகப் பழைய இடங்களில் இது ஒன்று.

ஏன் இந்த இடத்தைப் பிடித்தார்கள்? மோயாறும் பவானியும் சேருகிற இடம் இது. மைசூர் பக்கம் இருந்து கெஜலெட்டி கணவாய் வழியாக வருகிறவன் இங்கேதான் இறங்க வேண்டும். மலைக்கு ஏறுகிறவனும் இங்கிருந்துதான் ஏற வேண்டும். கோட்டை யார் கையில் இருக்கிறதோ, வரி வசூல் அவன் கையில். 1790 செப்டம்பரில் திப்பு சுல்தான் படையோடு இறங்கியதும் அந்தக் கெஜலெட்டி வழியாகத்தான். அதில்தான் சத்தியமங்கலம் சண்டை மூண்டது.

சுதந்திரம் வந்த கையோடு, 1948-ல் கீழ்பவானி அணை வேலை ஆரம்பித்தது. 1955-ல் முடிந்தது. 105 அடி கணக்குக்கு சுமார் 33 டி.எம்.சி. தண்ணீர் நிற்கும். ஈரோடு மாவட்டத்தில் லட்சக்கணக்கான ஏக்கர் பச்சையானது. டணாய்க்கன் கோட்டைக்காரர்கள் மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். கோட்டை முங்கியது. நமக்கு சோறு போட்ட தண்ணீர்தான் அது, அதனால் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் முங்கியது இன்னது என்றாவது தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டாமா?

முதல் நாள்: சமவெளி ரோடு

மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் இருந்து சத்தி ரோட்டைப் பிடித்தால் சிறுமுகை சுமார் 8 கிலோ மீட்டர். பட்டுச்சேலைக்கும், மூடப்பட்ட விஸ்கோஸ் ஆலைக்கும் பெயர் போன ஊர். கியர் இல்லாத பழைய அட்லஸ், ஹெர்குலிஸ் வண்டி போதும். பெரிய ஏற்றம் கிடையாது.

சிறுமுகையில் இருந்து லிங்காபுரம் பக்கம் ஒரு எட்டு போய்ப் பாருங்கள். அணை நிரம்பும்போது காந்தவயல் பாலம் முங்கி, ஜனங்கள் பரிசலில் போய் வந்த கதை நமக்கு மனப்பாடம். அந்தத் தண்ணீர்தான் டணாய்க்கன் கோட்டையையும் மூடி நிற்கும் தண்ணீர். அங்கே நின்று கிழக்கே பார்த்தால், அணை எவ்வளவு தூரம் விரிந்து கிடக்கிறது என்று புரியும்.

பிறகு சத்தி ரோட்டுக்குத் திரும்பி பவானிசாகர் போகலாம். பாதையில் காட்டுப் பகுதி வரும். யானை ரோட்டைக் கடந்து தண்ணீருக்குப் போகும் இடம் அது. விடிந்த பிறகு கிளம்பி, பொழுது சாய்வதற்குள் ஊர் திரும்பிவிட வேண்டும்.

ஒரு விஷயம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கோவில் தெரிகிறது என்று செய்தி வந்ததும் பரிசல் ஏறி, சேற்றில் இறங்கி செல்போனில் படம் எடுக்கப் போகாதீர்கள். அது வனத்துறை இடம். யானைக் கூட்டம் தண்ணீர் குடிக்க வரும். அணையில் முதலையும் உண்டு. சேறு மேலே காய்ந்த மாதிரி தெரியும், கால் வைத்தால் இடுப்பு வரை இழுக்கும். இந்தக் கோட்டையை தூரத்தில் இருந்து மனதால் பார்ப்பதுதான் நல்லது.

வாசல் மாறிய கதை

1819-ல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரி ஏறினார். கோத்தகிரி பக்கம் கன்னேரிமுக்கில் அவர் கட்டிய வீடு இன்றும் நினைவகமாக இருக்கிறது. மலைக்கு சரியான பாதை வேண்டும் என்று 1821-ல் வேலை ஆரம்பித்து 1823-ல் முடித்தார்கள். அந்தப் பாதை கிளம்பிய இடம் மேட்டுப்பாளையம் இல்லை, சிறுமுகை! சிறுமுகையில் இருந்து கோத்தகிரிக்கு குதிரையும் பல்லக்கும் ஏறின.

1830-களின் தொடக்கத்தில் குன்னூர் மலைப்பாதை திறந்தார்கள். 1873-ல் ரயில் மேட்டுப்பாளையம் வந்தது. 1899-ல் மலை ரயில் குன்னூர் வரை ஓடியது. அவ்வளவுதான், சிறுமுகையின் மவுசு போச்சு. வாசல் நம்ம பக்கம் வந்துவிட்டது.

இரண்டாம் நாள்: மலை ரோடு

மேட்டுப்பாளையத்தில் பவானி பாலம் தாண்டி ஓடந்துறையில் ரோடு இரண்டாகப் பிரியும். இடது பக்கம் குன்னூர், வலது பக்கம் கோத்தகிரி. கோத்தகிரி சுமார் 33 கிலோ மீட்டர். நம்ம ஊர் கடல் மட்டத்தில் இருந்து 300 மீட்டர் சொச்சம் உயரம். கோத்தகிரி ஆயிரத்து எழுநூறு சொச்சம். அதாவது மூச்சு விடாத ஏற்றம். கியர் சைக்கிள் இல்லாதவர்கள் பஸ் ஏறிக்கொள்வதில் ஒரு வெட்கமும் இல்லை.

குஞ்சப்பனை பக்கம் பலாப்பழ சீசனில் யானை ரோட்டில் நிற்கும். அரவேனு தாண்டியதும் தேயிலைத் தோட்டமும் குளிரும் ஆரம்பம். இங்கேதான் நாம் தேடி வந்த கற்கள் இருக்கின்றன.

கல் சமாசாரம் என்ன?

பழங்காலத்தில், இரும்பு புழக்கத்துக்கு வந்த காலத்தில், செத்தவர்களுக்கு பெரிய பெரிய கல் வைத்து நினைவிடம் கட்டினார்கள். நெட்டாக ஒரே கல்லை நட்டால் அது நெடுங்கல். குத்துக்கல் என்று நாம் சொல்வது. புதைத்த இடத்தைச் சுற்றி வட்டமாக கல் அடுக்கினால் கல்வட்டம். மூன்று பக்கம் பலகைக் கல் நிறுத்தி மேலே ஒரு பலகையை மூடி போட்டால் கல்திட்டை. பார்க்க சின்ன வீடு மாதிரி இருக்கும். கொங்கு நாட்டில் பாண்டு குழி என்பார்கள், பாண்டவர் தங்கிய இடம் என்று கதை சொல்வார்கள். குள்ளர்கள் வாழ்ந்த வீடு என்பாரும் உண்டு. கதை எப்படி இருந்தாலும் அது நம் பாட்டன் பூட்டனின் கல்லறைதான்.

ஈரோடு மாவட்டம் கொடுமணலில் இதே மாதிரி கல்லறைகளைத் தோண்டிப் பார்த்தார்கள். 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகமும் பிறகு மற்றவர்களும், 2020-ல் தமிழக தொல்லியல் துறையும் வேலை செய்தார்கள். கல்லறையில் செம்மணி மாலைகள், ஊர்ப்பகுதியில் இரும்பு உருக்கிய உலை, தமிழ் எழுத்து கீறிய பானை ஓடு எல்லாம் கிடைத்தன. பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வரும் ஊர் அதுதான். குத்துக்கல் ஒன்று வெறும் கல் இல்லை என்று காட்டியது அந்த ஊர்.

நீலகிரியில் இந்த வேலையை முதலில் முறையாகச் செய்தவர்களில் ஒருவர், மாவட்டத்தின் முதல் கமிஷனர் பிரீக்ஸ். ஊட்டி பிரீக்ஸ் பள்ளிக்கூடம் அவர் பெயரில்தான். மலை உச்சிகளில் இருந்த கல்குவியல்களைத் தோண்டி, மூடி மேல் எருமை பொம்மை வைத்த பானைகளையும், வெண்கலக் கிண்ணங்களையும் எடுத்தார். அவர் எழுதிய புத்தகம் 1873-ல், அவர் இறந்த பிறகு வந்தது. அந்தக் கல்லறைப் பொருட்களை சென்னை எழும்பூர் மியூசியத்தில் பார்க்கலாம்.

கோத்தகிரி அருகே பாணகுடி சோலையில் இருப்பது வேறு ரகம். அது குறும்பர்கள் கும்பிடும் காவு. பழைய கல்திட்டையில், இறந்தவர் நினைவாக ஆற்றில் உருண்டு மழுங்கிய கல்லைக் கொண்டுவந்து வைக்கும் வழக்கம் இருந்ததை வெள்ளைக்காரர்கள் அந்தக் காலத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அதனால் அங்கே போகிறவர்கள் ஊர்க்காரர்களைக் கேட்டுவிட்டுப் போங்கள். செருப்புக் காலோடு ஏறி நின்று போஸ் கொடுக்கிற இடம் இல்லை.

நேரமும் காலில் தெம்பும் இருந்தால் குன்னூர் பக்கம் உலிக்கல் துருகம் பாருங்கள். மேட்டுப்பாளையத்தில் இருந்து அண்ணாந்தாலே தெரியும் அந்த மலை. பகாசுரன் மலை என்றால் எல்லாருக்கும் தெரியும். திப்பு காலத்தில் அது காவல் கோட்டை. கீழே படை வந்தால் மேலிருந்தே பார்த்துவிடுவார்கள். இன்றைக்கு மிச்சம் இருப்பது உடைந்த சுவர்தான். கடைசியில் சைக்கிளை விட்டுவிட்டு நடக்க வேண்டும்.

உடைத்தால் ஜெயில்

பழைய கல்லுக்கு இப்போது எமன் ஜே.சி.பி.தான். சைட் போடும்போது கல்வட்டம் தடையாக இருந்தால் ஒரே தள்ளு. புதையல் இருக்கும் என்று ராத்திரியில் தோண்டுகிறவர்களும் உண்டு. உண்மையைச் சொன்னால், அந்தக் குழிகளில் தங்கக் குடம் கிடைக்காது. எலும்பும், பானை ஓடும், துருப்பிடித்த கத்தியும்தான் கிடைக்கும். தோண்டியவனுக்கு லாபம் இல்லை, ஆராய்ச்சிக்காரனுக்கு ஆதாரமும் போச்சு.

அரசு பாதுகாப்பில் உள்ள நினைவுச் சின்னத்தை சேதப்படுத்தினால் தண்டனை உண்டு. மண்ணில் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பழம்பொருள் கிடைத்தால் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ம் வருஷத்து புதையல் சட்டம். மறைத்தால் ஒரு வருஷம் வரை ஜெயில். தெரிவித்தால் நஷ்டம் இல்லை. அரசு அந்தப் பொருளை எடுத்துக்கொண்டால், அதில் உள்ள உலோகத்தின் விலையும் அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கும் கொடுக்க வேண்டும். கிணறு வெட்டும்போதோ கடைக்கால் தோண்டும்போதோ பெரிய தாழி, பானை கிடைத்தால் மண்வெட்டியை நிறுத்திவிட்டு வி.ஏ.ஓ.விடம் சொல்லுங்கள்.

கிளம்பும் முன்

மே மாத சீசனில் போலீஸார் குன்னூர் வழியாக ஏறவும், கோத்தகிரி வழியாக இறங்கவும் ஒருவழிப்பாதை ஆக்குவது வழக்கம். அப்போது கோத்தகிரி ரோட்டில் ஏறினால் எதிரே வண்டி வெள்ளமாக வரும். அந்த மாதம் வேண்டாம். மழை விட்ட பிறகு, டிசம்பர், ஜனவரி நல்லது.

இறங்கும்போதுதான் ஆபத்து அதிகம். பிரேக்கை ஒரேயடியாக அழுத்திக்கொண்டே வந்தால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கும். விட்டு விட்டுப் பிடியுங்கள். பிரேக் கட்டையை மேட்டுப்பாளையத்திலேயே மாற்றிக்கொள்ளுங்கள், மலையில் சைக்கிள் கடை தேடி அலைய முடியாது. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் இறக்கத்தை ஆரம்பிக்காதீர்கள். குஞ்சப்பனையில் யானை நின்றால் ஹாரன் அடிக்காமல், மணி அடிக்காமல், பஸ் பின்னால் ஒதுங்கி நில்லுங்கள்.