பதக்கமும் கல்லூரி இடமும்

பள்ளிப் பிள்ளைகளின் சான்றிதழ்க் கோப்பு வருடாவருடம் கனத்துக்கொண்டே போகிறது. பெயரில் ‘ஒலிம்பியாட்’ இருந்தால் போதும், கல்லூரிச் சேர்க்கைக்கு உதவும் என்று நம்பிப் பெற்றோர் கட்டணம் கட்டுகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு நம் ஊரில் ஆதாரம் மிகக் குறைவு. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வு பிளஸ் டூ கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களை 200-க்குக் கணக்கிட்டுத் தரவரிசை போடுகிறது, மருத்துவத்துக்கு நீட். விளையாட்டு ஒதுக்கீட்டை விட்டால், அங்கே பதக்கத்தைக் காட்டுவதற்கு இடமே இல்லை. ஆகவே விருதைத் தேடும் முன் கேட்க வேண்டியது, அதை மதிக்கும் கல்லூரி எது என்பதைத்தான்.

அப்படிப்பட்ட கல்லூரிகள் சில இருக்கின்றன. சென்னை ஐ.ஐ.டி. 2025-26 கல்வியாண்டிலிருந்து ஒவ்வொரு இளநிலைப் படிப்பிலும் இரண்டு கூடுதல் இடங்களை ஒலிம்பியாட் மாணவர்களுக்கென ஒதுக்கியிருக்கிறது. அதில் ஒன்று பெண்களுக்கு. ஜே.ஈ.ஈ. அட்வான்ஸ்டு தரவரிசை வேண்டியதில்லை. சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் கழகமும் தேசிய ஒலிம்பியாட்டில் மேல்நிலை எட்டியவர்களைத் தனியாகக் கவனிக்கிறது. ஆனால் இவை ஏற்பது அரசு ஆதரவுடன் நடக்கும் ஒலிம்பியாட்டை மட்டுமே. இயற்பியல், வேதியியல், உயிரியலுக்கு இந்திய இயற்பியல் ஆசிரியர் சங்கம் நவம்பரில் முதல் கட்டத் தேர்வை நடத்துகிறது. அதில் தேறியவர்களுக்கு மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் தேசியத் தேர்வு வைக்கிறது. பிறகுதான் பயிற்சி முகாம். பல்லாயிரம் பேர் எழுதத் தொடங்கி, முகாமுக்குப் போகிறவர்கள் பாடத்துக்குச் சில பத்துப் பேரே. இந்தச் சல்லடையால்தான் அந்தப் பதக்கத்துக்கு மதிப்பு. எழுதியவர்களில் பெரும்பாலோருக்கு ஏதோ ஒரு பதக்கம் தரும் தேர்வைப் பார்த்துச் சேர்க்கை அதிகாரி எதையும் தெரிந்துகொள்ள முடியாது.

வெளிநாட்டுக்கு விண்ணப்பிப்பவர்களுக்குக் கோப்பு கனமாக இருக்க வேண்டாமா என்று கேட்கலாம். அமெரிக்கக் கல்லூரிகள் பல பயன்படுத்தும் ‘காமன் ஆப்’ படிவத்தில் கல்விச் சிறப்புகளுக்கு ஐந்து வரிகள்தான். ஒவ்வொன்றும் பள்ளி அளவிலா, மாநில அளவிலா, தேசிய அளவிலா, உலக அளவிலா என்றும் குறிக்க வேண்டும். முப்பது சான்றிதழ் வைத்திருப்பவரும் ஐந்தைத்தான் எழுத முடியும். சிறு வகுப்புப் பிள்ளைகளுக்குத் தனியார் தேர்வுகள் உற்சாகம் தருகின்றன என்பது உண்மை; அந்த உற்சாகத்துக்காக எழுதட்டும். கல்லூரிக்கான முதலீடு என்று சொல்லி விற்பதுதான் தவறு.

இதைவிட வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு: உண்மையான ஒலிம்பியாட் நகரத்துப் பயிற்சி மையப் பிள்ளைகளுக்கே எட்டும், அரசுப் பள்ளி மாணவருக்கு அதனால் என்ன? பெருமளவு நியாயமான கேள்வி இது. பழைய வினாத்தாள்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைத்தாலும், வழிகாட்டும் ஆசிரியர் இல்லாத ஊரில் அது பாதித் தீர்வுகூட ஆகாது. ஆனால் அந்த மாணவருக்கு வேறு விருதுகள் இருக்கின்றன. சீட்டை அவை வாங்கித் தருவதில்லை, படிப்பைத் தொடர வைக்கின்றன. எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வில் (என்.எம்.எம்.எஸ்.) வென்றால் ஒன்பது முதல் பிளஸ் டூ வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். பிளஸ் ஒன் மாணவர்களுக்கான தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வில் 1,500 பேருக்கு மாதம் 1,500 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகள். தேர்வாகிறவர்களில் பாதிப் பேர் அரசுப் பள்ளியினர். முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வில் தேர்வாகும் 1,000 அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இளநிலைப் பட்டம் முடியும்வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய். கல்லூரிக் கட்டணத்துக்கு வழி தெரியாமல் படிப்பை நிறுத்தும் வீட்டில், எந்தத் தங்கப் பதக்கத்தையும்விட இந்தப் பணம் பெரியது.

எதைத் தேர்ந்தாலும் பிளஸ் டூவில் தொடங்கினால் காலம் கடந்துவிடும். என்.எம்.எம்.எஸ். எட்டாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. அறிவியல் ஒலிம்பியாட்டின் முதல் கட்டத்துக்கு ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் பதிவு நடக்கும். பள்ளியே தேர்வு மையமாகப் பதிந்துகொள்ளவும் வழி உண்டு. தலைமையாசிரியரிடம் இதைக் கேட்க ஏற்ற நேரம் ஜூன் மாதம், பள்ளி திறந்த கையோடு.