மரத்தில் நிற்கும் மன்னர்கள்

கொழிஞ்சாம்பாறையிலும் அதைச் சூழ்ந்த சித்தூர் வட்டத்திலும் தமிழ் பேசி வாழ்வோர்க்குப் புராண மன்னர்கள் புதியவர் அல்லர். பாலக்காட்டுப் பகவதி கோயில்களிலே, தோலில் வெட்டிய இராமனும் இராவணனும் கம்பன் பாட்டைக் கொண்டே இன்றும் போர் புரிகின்றனர். பாண்டவர்க்கு வாய்த்தவையோ மரமும் மண்ணும். அவற்றைப் பற்றியே இங்குச் சிறிது சொல்ல விழைகிறேன்.

தமிழகத்தின் வடபகுதியில் திரௌபதி அம்மன் கோயில்கள் மிகுதி. செஞ்சியை அடுத்த மேலச்சேரிக் கோயிலை அவற்றின் மூலத்தலமாக அடியார் போற்றுவர். இக்கோயில்களில் தருமர் முதலிய ஐவரின் விழாத் திருமேனிகள் பல மரத்தில் செதுக்கப்பட்டவை. வீதிதோறும் தோளில் சுமந்து செல்லக் கல் உதவாது அன்றோ? வீமன் கையில் கதை, விசயன் கையில் வில் என்று சிறுவரும் அடையாளம் காண்பர். வண்ணம் மங்கினால் மேலும் பூசுவர். ஆதலின் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சிற்பமும் நேற்றுச் செய்ததுபோல் பளபளக்கும். செதுக்கிய தச்சனின் கைத்திறமோ பூச்சின் அடியில் புதைந்துவிடும். உளுத்தது என்று பழையதைக் கழித்துப் புதியதை வைப்பாரும் உண்டு. வண்ணம் பூசுமுன் ஒரு புகைப்படமேனும் எடுத்து, ஆண்டைக் குறித்து வைப்பதில் என்ன இடர் இருக்கிறது? இதைக் கோயிலார் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அந்த நூற்றாண்டில் நம்மவர் பிழைப்பைத் தேடிக் கடல் கடந்தபோது பாண்டவரும் உடன் சென்றனர். 1819-இல் சிங்கப்பூருக்கு வந்த நாராயண பிள்ளை முயன்று, 1827-இல் அங்கு மாரியம்மன் கோயில் எழுந்தது. அதனுள்ளே திரௌபதிக்கும் ஐவருக்கும் சந்நிதி உண்டு; 1840 முதல் தீமிதி நடந்து வருகிறது. 1848-இல் அடிமை முறை ஒழிந்த ரியூனியன் தீவுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குச் சென்ற தமிழர், பாஞ்சாலியைப் ‘பாண்டியாளே’ என்று வழிபட்டுத் தீ மிதித்தனர். அவர்தம் வழித்தோன்றல் பலர்க்கு இன்று தமிழ் பேச வராது; தீமிதி மட்டும் நிற்கவில்லை. பெங்களூரில் வாழும் நேயர்கள் தருமராயர் கோயிலின் கரகத்தைச் சித்திரைப் பௌர்ணமியில் கண்டிருப்பீர்கள்.

ஐவர்க்கு மரம் என்றால் துரியோதனனுக்கு மண். பாரத விழாவின் இறுதியில், படுகளத்தன்று, கோயில் வெளியிலே அவனை மல்லாந்து கிடக்கும் பேருருவமாகச் சேற்று மண்ணால் வனைவர். அவன்மீது நின்று நடந்து கூத்தர் இறுதிப் போரை ஆடுவர். வீமன் வேடத்தான் தொடையில் அடித்ததும், அங்கு மறைத்து வைத்த செந்நீர் பெருகும். பாஞ்சாலி அதைத் தொட்டு, விரித்த கூந்தலை முடிவாள். சிற்ப நூல் எதுவும் இம்மண்ணுருவைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. ஆயினும் கண்டவர் மறவார். கூத்து முடிந்ததும் மண்மன்னன் சிதைக்கப்படுவான். அவன் மேனி மண்ணில் ஒரு பிடியை மக்கள் வீட்டுக்கு எடுத்துச் செல்வர். அதற்குள் அங்கே தீக்குழி தணலாகியிருக்கும்.