கினிப்பன்றி ஏன் விளையாட மறுக்கிறது?

சில ஆண்டுகளுக்கு முன், இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை தொடங்கியிருந்த ஒன்பது வயதுச் சிறுமியின் பெற்றோர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டனர். "வீட்டில் ஒரு கினிப்பன்றி வளர்க்கிறோம், டாக்டர். அதை வைத்துக்கொள்ளலாமா?" புறநோயாளர் பிரிவில் அன்று கூட்டம் மிகுதி. "வேண்டாம், யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்" என்று அரை நிமிடத்தில் சொல்லிவிட்டு, மருந்துச் சீட்டை எழுதத் தொடங்கினேன். சிறுமி ஒன்றும் பேசவில்லை. நான் சொன்னதை ஏற்றுக்கொண்டாள் என்றே எண்ணினேன்.

மூன்று வாரங்கள் கழித்து அவளுடைய தாயார் தனியே வந்து பேசினார். "என் தம்பி வீட்டில் விட்டுவிட்டோம், டாக்டர். அன்றிலிருந்து இவள் சரியாகப் பேசுவதில்லை, சாப்பிடுவதில்லை. அதுவும் அங்கே கூண்டின் மூலையைவிட்டு நகர்வதில்லையாம். எவ்வளவு சாதுவான பிராணி என்று தம்பி சொல்கிறான்."

என் மருத்துவ அறிவுரையில் பிழை இல்லை. தீவிரச் சிகிச்சை நடக்கும் மாதங்களில் வெள்ளணுக்கள் மிகவும் குறைந்துவிடும். அப்போது விலங்கைப் பிரித்து வைப்பதே பாதுகாப்பு. பிழை நான் சொன்ன விதத்தில் இருந்தது. "கொடுத்துவிடுங்கள்" என்பதற்கும், "சிகிச்சை முடியும்வரை மாமா வீட்டில் இருக்கட்டும், அது உன்னுடையதுதான்" என்பதற்கும் உள்ள வேறுபாட்டை நான் எண்ணிப் பார்க்கவில்லை.

அடுத்த சந்திப்பில் அதைச் சிறுமியிடம் திருத்திச் சொன்னேன். சற்று நேரம் கழித்து அவள் கேட்டாள்: "அது ஏன் டாக்டர் அங்கே விளையாட மாட்டேங்குது?" எனக்கு விடை தெரியவில்லை. கால்நடை மருத்துவர் ஒருவரிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டேன். அந்த விடையையே, செல்லப்பிராணி வளர்க்கும் நம் நோயாளர் குடும்பங்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

மருத்துவம் கடன்பட்ட விலங்கு

சீமைப் பெருச்சாளி என்றும் அழைக்கப்படும் கினிப்பன்றி உண்மையில் பன்றியும் அன்று, பெருச்சாளியும் அன்று. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதி மக்கள் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உணவுக்காக வளர்க்கத் தொடங்கிய கொறிவிலங்கு அது. வளர்ந்த விலங்கு ஏறத்தாழ ஒரு கிலோ எடையிருக்கும். நன்கு பராமரித்தால் 5 முதல் 8 ஆண்டுகள் வாழும்.

மருத்துவம் இதற்கு மிகவும் கடன்பட்டிருக்கிறது. 1882இல் காசநோய்க் கிருமியை உலகுக்கு அறிவித்த ராபர்ட் கோக்கின் ஆய்வுகளில் கினிப்பன்றிகளுக்குப் பெரும்பங்கு உண்டு. 1907இல் நார்வே நாட்டின் ஆக்சல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிச் இருவரும், தானிய உணவை மட்டுமே உண்ட கினிப்பன்றிகளுக்கு ஸ்கர்வி நோய் வருவதைக் காட்டினர். வைட்டமின் சி கண்டறியப்படுவதற்கு அது வழி திறந்தது. மனிதரைப் போலவே இவ்விலங்கின் உடலும் வைட்டமின் சியைத் தானே உருவாக்கிக்கொள்ள இயலாதது. ஆகவே குடைமிளகாய், கொத்தமல்லித்தழை போன்றவற்றை அது நாள்தோறும் உண்ண வேண்டும். அதன் விளையாட்டுக்கும் இவையே கைகொடுக்கும்.

அசையாமை அமைதியன்று

காட்டில் கினிப்பன்றியின் இனம் பருந்துக்கும் நரிக்கும் இரை. அச்சம் வந்தால் அது ஓடி ஒளியும். ஒளிய இடமில்லையெனில் அசைவற்று உறைந்துவிடும். மூலையில் கல் போல அமர்ந்திருக்கும் கினிப்பன்றியைச் சாது என்று நாம் பாராட்டுகிறோம். பெரும்பாலும் அது அஞ்சிக்கொண்டிருக்கிறது. மேலிருந்து இறங்கும் நம் கைகூட அதற்குப் பருந்தின் நகம்தான்.

மகிழ்ச்சியின் அடையாளங்கள் வேறு. நின்ற இடத்திலிருந்தே சோளப்பொரி வெடிப்பதுபோல் மேலே துள்ளும். கீரைக்கட்டின் சலசலப்புக் கேட்டதும் "வீக், வீக்" என்று உரக்கக் கூவும். உடலை நீட்டிப் படுத்து உறங்கும். மாறாக, பற்களை நறநறவென்று கடித்தால் அது எச்சரிக்கை, அப்போது தொடக்கூடாது.

விளையாட்டுக்கு முன் இரண்டு தேவைகள்

முதலாவது துணை. கினிப்பன்றி கூட்டமாக வாழும் விலங்கு. தனியே வளர்ப்பது அதற்குத் தண்டனை. சுவிட்சர்லாந்தில் இதைத் தனியாக வளர்ப்பதைச் சட்டமே அனுமதிப்பதில்லை. இரண்டு பெண் விலங்குகளைச் சேர்த்து வளர்ப்பது எளிது. ஆணையும் பெண்ணையும் சேர்ப்பதானால், கால்நடை மருத்துவரிடம் ஆணுக்குக் கருத்தடை செய்த பின்னரே சேர்க்க வேண்டும். புதிதாக வருவதைச் சில வாரம் தனியே வைத்து, நோயில்லை என்று உறுதிசெய்துகொள்வதும் அவசியம்.

இரண்டாவது ஒளிவிடம். ஒவ்வொன்றுக்கும் ஒன்றும், கூடுதலாக ஒன்றும் இருக்கட்டும். ஒவ்வொன்றிலும் இரண்டு வாயில்கள் வேண்டும். ஒரே வாயில் இருந்தால் வலுவானது மற்றதை உள்ளே மடக்கிவிடும். ஒளிவிடம் வைத்தால் விலங்கு கண்ணில் படாமலே போய்விடும் என்று பலர் தயங்குகின்றனர். நடப்பது நேர்மாறு. ஓடி ஒளிய இடமுண்டு என்று தெரிந்த விலங்குதான் துணிந்து வெளியே வருகிறது.

கூண்டு உயரமாக இருக்கத் தேவையில்லை, தரைப்பரப்பே முக்கியம். இரண்டுக்கு ஏறத்தாழ 10 சதுர அடி இருந்தால் நன்று.

செலவில்லாத ஐந்து விளையாட்டுகள்

கினிப்பன்றிக்கு விளையாட்டு என்பது தேடுவது, கொறிப்பது, ஒளிந்து எட்டிப் பார்ப்பது, ஓடுவது. அதன் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பதால், நாரச்சத்துள்ள புல்லை நாள் முழுவதும் மென்றுகொண்டிருக்க வேண்டும்.

1. புல் பொதி. தாள் சுருளின் நடுவே உள்ள அட்டைக் குழாயில் உலர்புல்லைத் திணித்து, நடுவில் இரண்டு கொத்தமல்லித் தண்டுகளை ஒளித்து வையுங்கள். பூச்சிமருந்து படாத அறுகம்புல்லும் ஏற்றது. வைக்கோல் படுக்கைக்கு உதவும், உணவாகப் போதாது. குதிரைமசாலில் சுண்ணாம்புச்சத்து மிகுதி. வளர்ந்த விலங்குக்குச் சிறுநீர்ப்பைக் கல் வரக்கூடும்.

2. சுரங்கப்பாதை. அட்டைப்பெட்டிகளில் இருபுறமும் வாயில் வெட்டி வரிசையாக வையுங்கள். ஒட்டுநாடாவையும் கம்பி ஊசிகளையும் முதலில் அகற்றிவிடுங்கள். வாரம் ஒருமுறை ஒரு பெட்டியை மட்டும் இடம் மாற்றினால் ஆர்வம் பிறக்கும். அனைத்தையும் ஒரே நாளில் மாற்றினால் அச்சமே பிறக்கும்.

3. கவிழ்த்த குவளைகள். நான்கைந்து காகிதக் குவளைகளைக் கவிழ்த்து, ஒன்றிரண்டின் அடியில் மட்டும் குடைமிளகாய்த் துண்டை வையுங்கள். மூக்கால் தள்ளித் தேடக் கற்றுக்கொள்ளும்.

4. தரை உலா. நாளுக்கு ஒரு மணி நேரமாவது அறையில் ஓட விடுங்கள். வழுக்கும் தரையில் பாயோ பழைய போர்வையோ விரியுங்கள், மின்கம்பிகளை மறைத்துவிடுங்கள். அது சுறுசுறுப்பாக இருக்கும் காலையும் மாலையுமே உகந்த வேளைகள்.

5. கரண்டியைத் தொடுதல். தரையில் அமர்ந்து ஒரு மரக்கரண்டியை நீட்டுங்கள். அது மூக்கால் தொட்டதும் சிறு கீரைத்துண்டு கொடுங்கள். நாளுக்கு ஐந்து நிமிடம் போதும். சில வாரங்களில் கரண்டி போகும் இடமெல்லாம் பின்தொடரும். துரத்திப் பிடித்துத் தூக்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

எந்த விளையாட்டிலும் விலகிச் செல்லும் உரிமை விலங்குக்கு இருக்க வேண்டும்.

தவிர்க்க வேண்டியவை

கடைகளில் விற்கும் ஓட்டச் சக்கரமும், உள்ளே அடைத்து உருளவிடும் நெகிழிப் பந்தும் வேண்டாம். எலியின் முதுகெலும்பைப் போல இதன் முதுகெலும்பு வளையாது. முதுகிலும் பாதத்திலும் காயம் ஏற்படும். கழுத்துப்பட்டி, கயிறு கட்டி நடத்துவதும் கூடாது. வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, பால் பொருள்கள், சாக்லேட், சமைத்த சோறு ஆகியவற்றைத் தராதீர்கள்.

நம் ஊர் வெயில் மற்றோர் அபாயம். மலைநாட்டு விலங்கான இதற்கு 30 பாகையைத் தாண்டிய வெப்பம் உயிருக்கே ஆபத்தாகலாம். கோடையில் நண்பகல் விளையாட்டை அறவே நிறுத்தி, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். படுத்துக்கொள்ள ஒரு சுடுமண் ஓடும், துண்டில் சுற்றிய குளிர்நீர்ப் புட்டியும் உதவும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை: வீட்டில் மீந்த மாத்திரைகளை ஒருபோதும் கொடுக்காதீர்கள். நமக்குப் பழக்கமான அமாக்சிசிலின், பெனிசிலின் வகை மருந்துகள் இதன் குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்களை அழித்து உயிரையே பறிக்கக்கூடும். அரைநாளுக்கு மேல் உணவைத் தொடாவிட்டால், மறுநாள்வரை காத்திராமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.

நோயாளி இருக்கும் இல்லங்களுக்கு

• புற்றுநோய்ச் சிகிச்சை, உறுப்பு மாற்றம், எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகள் ஆகியவற்றில் இருப்போர் புதிதாக விலங்கு வாங்க வேண்டாம். ஏற்கெனவே இருந்தால், தொடுவதற்கு முன் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.
• கூண்டைத் துப்புரவு செய்வது நோயாளியின் வேலையாக இருக்கக்கூடாது. சால்மொனெல்லா போன்ற கிருமிகள் கழிவின் வழியே பரவலாம்.
• விலங்கைத் தொட்ட பின் எல்லோரும் சோப்பினால் 20 விநாடிகள் கைகழுவ வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பெரியவர் உடனிருந்து கவனிக்க வேண்டும்.
• கூண்டைப் படுக்கையறையிலும் சமையலறையிலும் வைக்காதீர்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு விலங்கின் உரோமத்தைப் போலவே உலர்புல்லின் தூசியும் தொல்லை தரும்.
• விலங்கின் உரோமம் வட்டமாக உதிர்ந்தாலோ, வீட்டில் யாருக்காவது வட்டமான அரிப்புத் தடிப்பு வந்தாலோ படர்தாமரையாக இருக்கலாம். இரு தரப்புக்கும் சிகிச்சை தேவை.

இவ்வளவு கவனம் தேவைப்படும் விலங்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். ஆஸ்திரேலியப் பள்ளிகளில் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஓர் ஆய்வில், ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பொம்மைகளுடன் இருந்தபோதைவிடக் கினிப்பன்றிகளுடன் இருந்தபோது அதிகம் பேசினர், அதிகம் சிரித்தனர். மருந்தைப் போல இதை யாருக்கும் எழுதிக்கொடுக்க இயலாது. எனினும் குழந்தையிடமிருந்து ஒரு விலங்கைப் பிரிக்கும்போது எதைப் பிரிக்கிறோம் என்று தெரிந்திருப்பது நல்லது.

அந்தச் சிறுமி

சிகிச்சைக் காலம் முழுவதும் அவள் விலங்கைத் தொடவில்லை. ஆனால் விளையாட்டுகளைத் திட்டமிட்டவள் அவளே. சுரங்கப்பாதையின் வரைபடத்தை நோட்டுப்புத்தகத்தில் வரைந்து மாமாவுக்கு அனுப்புவாள். அவர் அதன்படி பெட்டிகளை அடுக்கி, காணொளி அழைப்பில் காட்டுவார். வின்கிரிஸ்டின் மருந்தினால் அவளுடைய விரல்கள் வலுவிழந்திருந்தன. சட்டைப் பொத்தானைப் போடவே சிரமப்பட்டாள். தாளைச் சுருட்டிக் குழாய் செய்வதை அவளுக்கு விரல் பயிற்சியாகவே இயன்முறை மருத்துவர் ஏற்றுக்கொண்டார். அந்தக் குழாய்களும் மாமா வீட்டுக்குப் போயின. அங்கே இரண்டாவது கினிப்பன்றி ஒன்றும் வந்து சேர்ந்தது. "இவ்வளவு சத்தம் போடும் என்று தெரியாமல் போயிற்றே" என்று மாமா செல்லமாகக் குறைப்பட்டுக்கொண்டாராம்.

சிகிச்சை நிறைவடைய இரண்டரை ஆண்டுகள் ஆயின. எதிர்ப்பாற்றல் மீண்ட பிறகு இரண்டும் வீடு திரும்பின. முதல் நாள் இரண்டுமே பெட்டிக்குள் ஒளிந்துகொண்டன. தாயார் தூக்கி மடியில் வைக்கப் போனபோது, சிறுமி தடுத்துவிட்டாளாம். "வேணாம்மா, அதுவா வரட்டும்."

உங்கள் வீட்டில் செல்லப்பிராணி இருந்தால், அடுத்த சந்திப்பில் மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள். அவர் அரை நிமிடத்தில் பதில் சொன்னால், மறுபடியும் கேளுங்கள்.