அறுவை அறையில் காஸ் துணியின் கணக்கு

வயிற்றைத் திறந்து செய்யப்படும் அறுவைச் சிகிச்சையில், ரத்தத்தை ஒற்றி எடுப்பதற்கு உபயோகிக்கப்படும் மெல்லிய பருத்தித் துணி காஸ் எனப்படும். உலர்ந்திருக்கும்போது வெண்மையாகவும் விரிந்தும் தோன்றும் இத்துணி, ரத்தத்தில் நனைந்தவுடன் சுருங்கி, சுற்றியுள்ள திசுக்களின் நிறத்தையே அடைந்துவிடுகிறது. குடலின் மடிப்புகளுக்கிடையே அத்தகைய துண்டு ஒன்று ஒதுங்கிவிட்டால், அனுபவம் மிக்க டாக்டரும் அதைக் காணத் தவறக்கூடும். எனவே, காயத்தைத் தைத்து மூடுமுன் எல்லாத் துண்டுகளும் வெளியே வந்துவிட்டனவா என்பதை நர்ஸுகள் எண்ணிக் கணக்கிட்டு அறிவிக்கின்றனர்.

உள்ளே தங்கிவிட்ட துணி என்னவாகும்? பருத்தி இழை உடலில் கரைவதில்லை. சிலருக்கு அதைச் சுற்றி நார்த் திசு உறைபோல வளர்ந்து, ஆண்டுக் கணக்கில் யாதொரு தொந்தரவும் இன்றி இருக்கும். பின்னர் வேறு காரணத்திற்காகப் படம் எடுக்கும்போது புற்றுக் கட்டியோ என்ற ஐயத்தை எழுப்பும். வேறு சிலருக்குச் சில நாட்களிலேயே சீழ் கட்டி, ஜுரமும் வலியும் தோன்றும். துணி குடற்சுவரை அரித்துக்கொண்டு குடலுக்குள்ளேயே புகுந்துவிட்ட சந்தர்ப்பங்களும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. பெரும்பாலும் மறுபடியும் வயிற்றைத் திறக்க நேரிடுகிறது.

கணக்கிடும் வேலையை ஒருவரே செய்வதில்லை. கைகளை நன்கு கழுவி, கிருமி நீக்கிய அங்கி அணிந்து, மேஜையருகே நின்று கருவிகளை எடுத்துக் கொடுப்பவர் ஸ்கரப் நர்ஸ். மேஜையைத் தொடாமல் அறைக்குள் நடமாடி, வேண்டிய பொருள்களைக் கொணர்பவர் மற்றொரு நர்ஸ். இவ்விருவரும் ஒரே சமயத்தில், துண்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து, வாய்விட்டு எண்ணவேண்டும். தொகை உடனே பலகையில் எழுதப்படும். பத்து இருக்கவேண்டிய கட்டில் ஒன்பது இருந்தால், 'ஒன்று குறைவு' என்று குறித்துக்கொண்டு அதை உபயோகிப்பது முறையன்று. அக்கட்டு முழுவதையும் விலக்கி வைத்துவிடவேண்டும். தோலில் கத்தி படுமுன் ஒரு முறையும், வயிற்றறையை மூடுமுன் ஒரு முறையும், தோலைத் தைக்கும்போது ஒரு முறையும் எண்ணுவது வழக்கம். பிரசவ அறுவையில் கருப்பையைத் தைத்து மூடுமுன் தனியே ஓர் எண்ணிக்கை உண்டு. ஊசிகளுக்கும் கருவிகளுக்கும் இதே விதி பொருந்தும். கணக்கு முடியும் வரை குப்பை வாளி கூட அறையைவிட்டு வெளியே போகலாகாது.

அறுவைக் காயத்தினுள் வைக்கப்படும் காஸில் எக்ஸ்-ரே படத்தில் தெரியக்கூடிய பேரியம் சல்பேட் கலந்த இழை ஒன்று சேர்க்கப்பட்டிருக்கும். அத்துணியை இரண்டாக வெட்டக்கூடாது என்று நர்ஸுகளுக்குக் கற்பிப்பதன் காரணம் இதுவே: வெட்டினால் எண்ணிக்கை மாறுவதோடு, இழையில்லாத துண்டு படத்தில் தெரியாமலே போய்விடும். கணக்கில் ஒன்று குறைந்தால், டாக்டர் தைப்பதை நிறுத்திக் காயத்தினுள் தேடவேண்டும்; நர்ஸ் வாளியிலும், விரிப்பு மடிப்புகளிலும், தரையிலும் தேடவேண்டும். அப்போதும் அகப்படாவிடில், நோயாளியின் நிலை இடங்கொடுக்குமாயின், அறையிலேயே படம் எடுக்கப்படும்.

இம்முறையில் கடினமான பகுதி எண்ணுவதன்று. 'ஒன்று குறைகிறது' என்று சொல்வதே. பல மணி நேரம் நின்று களைத்த டாக்டரிடம், மயக்கத்தில் கிடக்கும் நோயாளியை மேலும் காக்கவைக்கும் சொல்லை, வயதிலும் பதவியிலும் இளைய நர்ஸ் ஒருவர் சொல்லவேண்டியிருக்கிறது. கணக்குச் சரியென்று விரைவில் சொல்லிவிடும் தூண்டுதல் அங்கே இயல்பாகவே எழும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நிகழ்ந்த இத்தகைய தவறுகளை ஆராய்ந்து 2003-ல் வெளியான கட்டுரை ஒன்று, எண்ணிக்கை நடைபெற்ற நிகழ்ச்சிகளுள் 88 சதவீதத்தில் கணக்குச் சரியென்றே முடிவு செய்யப்பட்டிருந்ததாகக் கூறுகிறது! அவசர அறுவையில் இவ்வபாயம் சுமார் ஒன்பது மடங்கும், அறுவையின் நடுவே திட்டம் எதிர்பாராது மாறும்போது சுமார் நான்கு மடங்கும் அதிகமெனவும் அதில் காணப்பட்டது.

உலக சுகாதார ஸ்தாபனம் 2008-ல் வெளியிட்ட அறுவைப் பாதுகாப்புப் பட்டியல் இக்குறையை நோக்கியதே. மயக்கம் கொடுக்குமுன், கத்தி படுமுன், நோயாளி அறையை விட்டு நீங்குமுன் ஆகிய மூன்று வேளைகளில் யாவரும் சற்று நின்று, நோயாளியின் பெயர், அறுவையின் இடம், ஒவ்வாத மருந்துகள் முதலியவற்றை உரக்கச் சொல்லிச் சரிபார்க்கிறார்கள். குழுவினர் தம் பெயரையும் பணியையும் கூறி அறிமுகம் செய்துகொள்வதும் இதில் அடங்கும். ஒருமுறை வாய்திறந்து பேசியவர் மறுமுறை பேசத் தயங்குவது குறைவு. மூன்றாம் வேளையில் கணக்கை அறிவிப்பவர் நர்ஸ். புது தில்லி உட்பட எட்டு நகரங்களில் 2007, 2008-ம் ஆண்டுகளில் இது சோதிக்கப்பட்டபோது, மரணங்கள் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகவும், சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாகவும் குறைந்தன. ஆனால் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகளில் இதைப் புகுத்தியபின் குறிப்பிடத்தக்க குறைவு ஏதும் காணப்படவில்லையென 2014-ல் அறிவிக்கப்பட்டது. ஏட்டில் குறியிடுவது வேறு, நின்று கேட்பது வேறு என்பதே அதற்கு விளக்கமாகப் பலரால் கூறப்படுகிறது.

கிராமங்களில் பணிபுரியும் ஊழியர்களிடம் இது பற்றி இருவகைக் கேள்விகள் வருவதுண்டு. “என் பெயரையும், எந்தப் பக்கத்து ஆபரேஷன் என்பதையும் எத்தனை பேர்தான் கேட்பார்கள்? அவர்களிடம் ஏடு இல்லையா?” என்று நோயாளிகள் சலித்துக்கொள்வார்கள். ஏட்டிலுள்ளதையும் மேஜைமீது படுத்திருப்பவரையும் ஒப்பிடவே அக்கேள்வி கேட்கப்படுகிறதென்பதையும், தலையசைக்காமல் பெயரை வாயால் சொல்லவேண்டுமென்பதையும் முன்கூட்டியே விளக்கிவைக்கலாம். மற்றது, வயிற்றில் அறுவை நடந்தபின் விட்டுவிட்டு ஜுரம், ஆறாத புண், நீங்காத வலி ஆகியவற்றோடு வருபவர்களைப் பற்றியது. இவற்றுக்குக் காரணங்கள் பல. உள்ளே தங்கிய துணி அவற்றுள் அரிதான ஒன்று. ஆயினும், பல ஆண்டுகளுக்கு முன் நடந்ததானாலும், அந்த அறுவையின் விவரத்தையும் மருத்துவமனை கொடுத்த சீட்டையும் டாக்டரிடம் காட்டச் செய்வது ஊழியரின் கடமை.