வாடகை வீட்டு விளக்கிற்கு ஒரு நட்சத்திரக் கூடு

இந்த வரிகளை வாசிப்பதைச் சற்றே நிறுத்திவிட்டு, உங்கள் வீட்டு விளக்கை ஒருமுறை ஏறிட்டுப் பாருங்கள். நீங்கள் மும்பையில் வாடகைக்குக் குடியிருப்பவராயின், அங்கே காண்பது என்னவென்று என்னால் பெரும்பாலும் சொல்லிவிட முடியும். சுவரில் சாய்வாகப் பொருத்திய, பழுப்பேறிய ஒரு ஹோல்டர். வெள்ளையடித்தவர் அதன்மேல் சிந்திய சுண்ணாம்புத் திட்டுகள். சுவரோடு ஒட்டி வரும் கறுத்த ஒயர். அதன் முடிவில் கண்ணைக் கூசவைக்கும் பல்பு.

இல்லத்தரசிக்கு அது உறுத்துகிறது. “பதினோராம் மாதம் காலி செய்யப்போகிற வீட்டிற்கு இதெல்லாம் எதற்கு?” என்கிறார் கணவர். இந்நகரில் வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் 11 மாதங்களுக்கே எழுதப்படுவதால், அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் 11 மாதம், 11 மாதம் என்றே 20 ஆண்டுகளைக் கழித்துவிட்ட குடும்பங்களையும் நான் அறிவேன். அத்தனை ஆண்டுகளும் அவர்கள் உண்டதும் உறங்கியதும் யாரோ மாட்டிவிட்டுப் போன விளக்கின் கீழ்தான். ஆகவே என் ஆதரவு இல்லத்தரசிக்கே. விளக்கை மாற்றவோ சுவரைத் துளைக்கவோ வேண்டாம். டெபாசிட் பணத்திற்கும் பழுது வராது. அதை மறைக்க ஒரு கூடு செய்தால் போதும். வீடு மாறும்போது அதுவும் உங்களுடன் வந்துவிடும்.

செய்முறைக்கு முன்னர் என் அறியாமையைச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு மணமான புதிதில், 60 வாட் குண்டு பல்பைச் சுற்றிச் சிவப்பு வர்ணத்தாளை நானே பூப்போல மடித்துக் கட்டினேன். பார்த்தவர்கள் பாராட்டினார்கள். அன்றிரவே கருகல் நாற்றம் வீட்டை நிறைத்தது. பல்பைத் தொட்டிருந்த இடத்தில் தாள் காப்பி நிறமாகி, தொட்டதும் உதிர்ந்தது. இன்னும் ஒரு மணி நேரம் நாங்கள் உறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றும் நினைக்க விரும்பவில்லை.

காரணம் எளியது. குண்டு பல்பு உண்ணும் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்கு வெளிச்சமாகாமல் வெப்பமாகவே போய்விடுகிறது. தாள் தீப்பற்ற ஏறத்தாழ 230 பாகை செல்சியஸ் வேண்டும். ஆனால் அதற்கு வெகு முன்னரே கருகத் தொடங்கிவிடும். அதே வெளிச்சத்தை 9 வாட் எல்.ஈ.டி. பல்பு தந்துவிடுகிறது. அதிலும் வெப்பம் உண்டு. அது கண்ணாடிப் பக்கம் அல்ல, ஹோல்டரை ஒட்டிய அடிப்பகுதியில் தங்கும். அதற்குக் காற்று கிடைக்காவிட்டால் பல்பின் ஆயுள் குறையும். ஆகவே, கூட்டிற்குள் எல்.ஈ.டி. மட்டுமே இருக்கட்டும், கூடு பின்புறம் திறந்தே இருக்கட்டும்.

இன்னொன்று. அழகற்றதை மறைக்கலாம், ஆபத்தானதை மறைக்கக்கூடாது. ஒரு வீட்டில் அழகிய காகிதப் பூவின் பின்னே, ஒருபுறம் கருகி உருகிய ஹோல்டரைக் கண்டேன். மறைத்ததால் பல மாதங்கள் யார் கண்ணிலும் அது படவில்லை. ஹோல்டர் கறுத்திருந்தாலோ, விளக்கு மினுமினுத்தாலோ, சடசடவென ஒலி கேட்டாலோ, மழைக்காலத்தில் அதைச் சுற்றிச் சுவர் ஈரம் பாய்ந்திருந்தாலோ, வீட்டுக்காரரிடம் சொல்லி எலக்ட்ரீஷியனை அழையுங்கள். பிறகு கூடு செய்யலாம்.

இனி கூடு. டிசம்பரில் ஊரில் மூங்கில் குச்சியும் தாளும் கொண்டு நட்சத்திரம் கட்டிய கை உங்களுடையதாயின், பாதி வேலை முடிந்தது. (பலமுனை நட்சத்திரக் கூடு, 1830-களில் ஜெர்மனியின் நீஸ்கி ஊரில் மொராவிய சபையாரின் பள்ளியில் வடிவகணிதப் பாடமாகப் பிறந்தது. நம்முடையது ஐந்து முனையோடு நின்றுவிட்ட எளிய நட்சத்திரம்.) இரண்டரை அடி நீளத்தில் மெல்லிய மூங்கில் சிம்புகள் 10 எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து ஐந்தாக வைத்து இரண்டு நட்சத்திரங்கள் கட்டுங்கள். முனைகளை மட்டுமன்றி, சிம்புகள் உள்ளே குறுக்கிடும் ஐந்து இடங்களையும் நூலால் இறுக்குங்கள். நடுவே ஏறத்தாழ ஒரு சாண் அகலத்தில் ஐங்கோணத் திறப்பு அமையும். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து முனைகளைச் சேர்த்துக் கட்டி, உள்ளே குறுக்கிடும் இடங்களில் முக்கால் அடிக் குச்சிகள் ஐந்தை முட்டுக்கொடுங்கள். நட்சத்திரம் தலையணைபோல் புடைத்து நிற்கும்.

முன்புறத்திற்கு மட்டும் தாள் ஒட்டுங்கள். வெள்ளைப் பட்டத் தாளே என் விருப்பம். சிவப்புத் தாளின் கீழ் சோறும் குழம்பும் ஒரே நிறமாகத் தோன்றும். மைதாப் பசை பூச்சியை அழைக்கும், பெவிகால் நல்லது.

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, பின்புறத் திறப்பின் வழியே பல்பும் ஹோல்டரும் உள்ளே வருமாறு கூட்டைச் சுவரோரம் மாட்டுங்கள். பாரம் ஒயரின் மேலோ ஹோல்டரின் மேலோ விழக்கூடாது. முந்தைய குடித்தனக்காரர் அடித்த காலண்டர் ஆணி ஒன்று விளக்கின் அருகே பெரும்பாலும் இருக்கும்; அதில் நூலால் தொங்கவிடுங்கள். பல்பிற்கும் தாளுக்கும் நடுவே நான்கு விரற்கடையாவது இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையெனில் முட்டுக்குச்சியை நீளமாக்குங்கள்.

டியூப் லைட்டிற்கு இந்தக் கூடு ஆகாது. பழைய சோக் சூடேறும். அந்தத் தகரப் பெட்டியை மூடாதீர்கள். பிள்ளைகள் படிக்கும் இடத்து விளக்கையும் விட்டுவிடுங்கள், தாள் வெளிச்சத்தைக் குறைத்துவிடும். உறங்கும் பக்கத்து விளக்கிற்கே இது உகந்தது.

ஜூன் மாதத்தில் நட்சத்திரமா என்று பக்கத்து வீட்டு மராட்டிய அம்மாள் கேட்கக்கூடும். தீபாவளிக்கு அவர்கள் வாசலில் தொங்கவிடும் ஆகாஷ் கந்தீலும் மூங்கிலும் தாளும்தானே? மாஹிமில் அதற்கென்றே கந்தீல் சந்து ஒன்று உண்டு. நல்ல சிம்பு எங்கே கிடைக்கும் என்று அவரிடமே கேளுங்கள்.

மாதம் ஒருமுறை உலர்ந்த தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். வீடு மாறும் நாளில் முட்டுக்குச்சிகள் ஐந்தையும் உருவிவிட்டால் கூடு தட்டையாகிவிடும். பழைய சேலையில் சுற்றி, டெம்போவில் பாயோடு சேர்த்து வைத்துவிடலாம். குச்சிகளை மட்டும் மறவாமல் அதனோடே கட்டிவையுங்கள்; புது வீட்டில் முதலில் தொலைவது அவைதான்.