புகைவண்டி நிலையமும் புதுமனைகளும்

இலண்டன் மாநகரின் வடமேற்கே ரேனர்ஸ் லேன் என்னும் புகைவண்டி நிலையம் உளது. 1906ஆம் ஆண்டில் அது திறக்கப்பட்டபொழுது சுற்றிலும் வயல்களே விளங்கின. மறைப்பற்ற மேடையிலே குளிர்காற்று வாட்டியமையால், அதனை ‘நிமோனியா சந்திப்பு’ என மக்கள் எள்ளி நகையாடினர். 1930ஆம் ஆண்டில் அந்நிலையத்தைப் பயன்படுத்தியோர் ஏறத்தாழ 22,000 பேரே. 1937ஆம் ஆண்டிலோ அத்தொகை 40 இலட்சமாயிற்று. ஏழே ஆண்டுகளில் இம்மாற்றம் நிகழக் காரணம் யாது? நிலையத்தைச் சூழ எழுந்த வீடுகளே.

அவ்வழியே வண்டி விட்டது மெட்ரோபாலிட்டன் இருப்புப்பாதைக் குழுமம். பாதையிட்டது போக எஞ்சிய நிலத்தை இருப்புப்பாதைக் குழுமங்கள் விற்றுவிட வேண்டும் என்பது அந்நாட்டு வழக்கம். இக்குழுமமோ அதனைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் தனியுரிமை பெற்றிருந்தது. 1919ஆம் ஆண்டில் வீட்டுமனைகளுக்கென ஒரு குழுமம் அதன் சார்பில் தோன்றிற்று. ‘மெட்ரோலாண்டு’ என்னும் கைந்நூல், நாட்டுப்புற வாழ்வின் நலங்களை ஆண்டுதோறும் எடுத்துரைத்தது. மனை வாங்கியவர் நாள்தோறும் அவ்வண்டியிலேயே நகருக்குச் சென்றார். நிலம் விற்ற கையே பயணச்சீட்டும் விற்றது எனலாம்!

ஆயினும், நகரம் கட்டுக்கடங்காது பரவுதல் கண்டு பலர் அஞ்சினர். 1938ஆம் ஆண்டுச் சட்டம் இலண்டனைச் சூழப் பசுமை வளையம் அமைய வழி செய்தது. 1955ஆம் ஆண்டிற்குப் பின் பிற நகரங்களும் அதனைப் பின்பற்றின. இன்று இங்கிலாந்தின் நிலப்பரப்பில் எட்டில் ஒரு பங்கு இவ்வளையங்களுள் அடங்கும். வயல்கள் காக்கப்பட்டன, ஆனால் வீட்டு விலை ஏறிற்று. இளைஞர் பலர் வளையத்திற்கும் அப்பால் குடியேறி, நெடுந்தொலைவு பயணம் செய்கின்றனர். அவர்கள் கடந்து செல்லும் சிற்றூர் நிலையங்களுட் சிலவற்றின் அருகே ஒரு சில வீடுகளே உள்ளன.

இந்நிலையங்களைச் சூழ வீடு கட்டினால் என்ன என்பதே இன்றைய வினா. பத்து நிமிட நடைத்தொலைவு ஏறக்குறைய 800 மீட்டர். அத்தொலைவை ஆரமாகக் கொண்ட வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 500 ஏக்கர். அதிற் பாதியைச் சோலைக்கும் பள்ளிக்கும் வயலுக்கும் விடுத்து, எஞ்சியதில் ஏக்கருக்குப் பதினாறு வீடு அமைப்பினும் 4,000 குடும்பங்கள் வாழலாம். கணக்கு எளிது, நிலமோ அத்துணை எளிதன்று. நிலையங்கள் பல ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் அமைந்தவை. ஆங்கு வெள்ளம் புகும். கடையும் பள்ளியும் அருகில் இன்றேல், நிலையத்தருகே வாழ்வோரும் மோட்டார் வண்டியையே நாடுவர்.

கிழக்கு டெவனில் எழுந்த கிரான்புரூக் என்னும் புதிய ஊரில் 2012ஆம் ஆண்டில் மக்கள் குடியேறினர். நிலையம் திறக்கப்பட்டதோ 2015ஆம் ஆண்டு திசம்பரில். இடைப்பட்ட காலத்தில் காரிற் செல்லப் பழகியவர் அப்பழக்கத்தை விடுதல் அரிதன்றோ? மற்றுமொரு தடையும் உண்டு. அவ்வழியே சென்ற இரட்டைப்பாதையின் பெரும்பகுதியை, செலவு மிகுதி என்று கருதி, 1967ஆம் ஆண்டில் ஒற்றைப்பாதையாகக் குறைத்துவிட்டனர். வண்டிகளைப் பெருக்க வேண்டுமாயின், அன்று பெயர்த்தெடுத்த இரண்டாம் பாதையைப் பல இடங்களில் மீண்டும் இடுதல் வேண்டும்.