பூட் ஆகாத பென்டிரைவும் பிழைத்த மடிக்கணினியும்

எங்கள் பள்ளி எரியோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பெற்றோரில் பலர் வேடசந்தூர் வட்டார நூற்பாலைகளில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒருநாள் துணிப்பையில் ஒரு மடிக்கணினியைக் கொண்டுவந்தாள். அவளுடைய அக்கா பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்தது. விண்டோஸ் திறக்கவில்லை. கடையில் கேட்டதற்கு, "எல்லாத்தையும் அழிச்சிட்டுத்தான் புதுசா போடணும்" என்று சொல்லியிருக்கிறார்கள்.

"சார், அழிக்காம சரி பண்ண முடியுமா? அதுல எங்க அப்பா போட்டோ இருக்கு" என்றாள். அவள் அப்பா இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய படங்கள் வேறு எங்கும் இல்லை.

நான் கணினி ஆசிரியர் அல்ல, அறிவியல் ஆசிரியர். ஆனாலும் சரி என்று வாங்கி வைத்துக்கொண்டேன். அந்த ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன். நம் பள்ளி அலமாரிகளிலும் மாணவர் வீடுகளிலும் இப்படிப் பல மடிக்கணினிகள் உறங்குகின்றன.

சிக்கல் எங்கே?

புதிய இயங்குதளம் நிறுவ வழக்கமாக பென்டிரைவிலோ டிவிடியிலோ அதை ஏற்றி, அதிலிருந்து கணினியைத் தொடங்குவோம். இந்தக் கணினியில் டிவிடி டிரைவ் கெட்டிருந்தது. பயாஸ் அமைப்பில் பென்டிரைவின் பெயரே தெரியவில்லை. மூன்று பென்டிரைவ்களை மாற்றிப் பார்த்தும் பயனில்லை.

ஆனால் ஒரு கதவு திறந்திருந்தது. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் எல்காட் நிறுவனம் வாங்கித் தந்த பல கணினிகளில் விண்டோசுடன் பாஸ் லினக்சும் இருந்தது. இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இயங்குதளம் அது. நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் அதைத் திறந்தே பார்த்ததில்லை. இந்தக் கணினியில் விண்டோஸ் விழுந்துவிட்டாலும் பாஸ் லினக்ஸ் எழுந்து நின்றது.

காவலரும் சாவியும்

கணினி எப்படித் தொடங்குகிறது என்பதை மாணவர்களுக்கு நான் இப்படிச் சொல்வேன். காலையில் முதலில் வருபவர் காவலர். அவர் கேட்டைத் திறந்து, எந்த அறை யாருக்கு என்ற பட்டியலைப் பார்த்துச் சாவி கொடுக்கிறார். பிறகுதான் தலைமையாசிரியர் வந்து பள்ளியை நடத்துகிறார். கேட் பயாஸ், காவலர் பூட் லோடர், தலைமையாசிரியர் கெர்னல். லினக்ஸ் கணினிகளில் இந்தக் காவலரின் பெயர் கிரப்.

வெளியிலிருந்து வரும் பென்டிரைவை நம் பயாஸ் உள்ளே விடவில்லை. ஆனால் கிரப் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார். வன்தட்டில் கிடக்கும் ஓர் ஐசோ கோப்பையே தனி வட்டு போலத் திறக்க அவருக்குத் தெரியும். லூப்பேக் என்பது அந்த வசதியின் பெயர். நமக்கு அது போதும்.

முதல் வேலை: காப்பாற்றுவது

நிறுவுவதற்கு முன் படங்களை எடுத்தாக வேண்டும். பாஸ் லினக்சுக்குள் நுழைந்து, விண்டோசின் சி டிரைவைத் திறந்தேன். அக்காவின் டெஸ்க்டாப் கோப்புறை அப்படியே இருந்தது. தொடங்குவதற்கு உதவாத அதே பென்டிரைவ், கோப்புகளைச் சுமக்க நன்றாகவே உதவியது. நகலெடுத்த படங்களை வேறொரு கணினியில் திறந்து பார்த்த பிறகே அடுத்த அடி வைத்தேன். நகலெடுத்தால் மட்டும் போதாது. நகல் திறக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

நிறுவிய முறை

1. லினக்ஸ் மின்ட் 21, எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைத் தேர்ந்தெடுத்தேன். இந்தக் கணினி 64 பிட், நினைவகம் 2 ஜிபி. 32 பிட் கணினி என்றால் டெபியன் 12 போன்றவற்றைத் தேட வேண்டும். 2025இல் வந்த டெபியன் 13இல் 32 பிட் நிறுவி இல்லை.

2. வீட்டில் பதிவிறக்கிய ஐசோ கோப்பை பென்டிரைவில் கொண்டுவந்து டி டிரைவில், எந்தக் கோப்புறைக்குள்ளும் இடாமல் வைத்தேன். பெயரைச் சிறியதாக மாற்றினேன். பதிவிறக்கப் பக்கத்தில் தந்திருக்கும் சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிட்டுக்கொண்டேன்.

3. கணினியை மீண்டும் தொடங்கி, கிரப் பட்டியல் வந்ததும் சி எழுத்தை அழுத்தினால் கட்டளை எழுதும் இடம் வரும். கிரப் வன்தட்டுகளை 0 முதலும், பிரிவுகளை 1 முதலும் எண்ணும். டி டிரைவ் எந்த எண் என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

4. எழுத வேண்டியவை நான்கு வரிகள்தாம். முதல் வரி, ஐசோ கோப்பை வட்டாகப் பாவிக்கச் சொல்வது. இரண்டாவது, அதற்குள் கேஸ்பர் கோப்புறையில் உள்ள கெர்னலைக் காட்டுவது. மூன்றாவது, அதே இடத்தில் உள்ள தொடக்கக் கோப்பைக் காட்டுவது. நான்காவது, தொடங்கு என்பது.

இரண்டாவது வரியில்தான் நான் இருமுறை தவறினேன். கெர்னல் எழுந்தவுடன் கிரப் ஒதுங்கிவிடுகிறார். ஐசோ எங்கே இருக்கிறது என்பது கெர்னலுக்குத் தெரியாது. அந்த வரியின் முடிவில் ஐசோ-ஸ்கேன் என்ற குறிப்போடு கோப்பின் இருப்பிடத்தையும் சேர்த்து எழுத வேண்டும். மறந்தால் கறுப்புத் திரையில் பாதியில் நின்றுவிடும். பயப்பட வேண்டாம், எதுவும் அழிந்திருக்காது. அணைத்துவிட்டு மறுபடி எழுதலாம்.

மூன்றாம் முயற்சியில் மின்ட் திரை வந்தது. வைஃபை, ஒலி எல்லாம் வேலை செய்தன.

கவனம் தேவைப்படும் இடம்

நிறுவியைத் தொடங்கும் முன், ஐசோ இருக்கும் பிரிவை அது பிடித்துக்கொண்டிருப்பதை டெர்மினலில் ஒரு கட்டளை கொடுத்து விடுவிக்க வேண்டும். இல்லையெனில் பிரிவுகளை மாற்ற விடாது.

அடுத்த திரையில் 'வட்டை முழுவதும் அழி' என்ற தேர்வு கண்முன் நிற்கும். களைப்பில் என் சுட்டி அதன் மேல் போய்விட்டது. பக்கத்தில் நின்ற மாணவிதான், "சார், அழின்னு போட்டிருக்கே" என்றாள். நம் நகல் பத்திரமாக இருந்தாலும், டி டிரைவில் அவள் அக்காவின் கல்லூரிக் கோப்புகள் இருந்தன. அவற்றை நான் நகலெடுத்திருக்கவில்லை. தேர்ந்தெடுக்க வேண்டியது 'வேறு ஏதாவது' என்ற கடைசி வரி. அதில் பழைய சி பிரிவை மட்டும் குறித்து, அந்த ஒன்றுக்கு மட்டும் ஃபார்மட் கொடுத்தேன். பாஸ் லினக்ஸ் பிரிவையும் தொடவில்லை. நாளை இன்னொரு சிக்கல் வந்தால் அதுவே நம் கதவு.

பழைய பேட்டரியை நம்பாமல் சார்ஜரை இணைத்தே நிறுவுங்கள். மின்தடை அறிவித்த நாளில் தொடங்காதீர்கள். நிறுவிய பின் இணையதளங்கள் திறக்க மறுத்தால், முதலில் கணினியின் தேதியைப் பாருங்கள். உள்ளே இருக்கும் சிறு பேட்டரி தீர்ந்திருந்தால் தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருக்கும்.

வேறு வழிகள்

கணினியில் லினக்சும் இல்லையென்றால், வன்தட்டைக் கழற்றி இன்னொரு கணினியில் பொருத்தி நிறுவி மீண்டும் மாட்டலாம். பல கணினிகள் இருந்தால் பிஎக்ஸ்இ முறையில் ஒரே கணினியிலிருந்து லேன் கேபிள் வழியாகவே எல்லாவற்றுக்கும் அனுப்பலாம். ஆய்வகக் கணினிகளில் உரிய அனுமதி இல்லாமல் எதையும் செய்ய வேண்டாம்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 பழைய கணினிகளில் இருக்காது. இனி இப்படி ஒதுக்கப்படும் கணினிகள் கூடும். ஆனால் ஒன்பதாம் வகுப்பின் லிப்ரே ஆபிஸ், பத்தாம் வகுப்பின் ஸ்கிராட்ச் இரண்டுக்கும் லினக்ஸ் போதும். தமிழ்99 விசைப்பலகையும் கிடைக்கும்.

மறுநாள் அந்த மாணவி படங்களை மீண்டும் தன் கணினியில் ஏற்றினாள். அப்பா ஆலைச் சீருடையில் நிற்கும் படத்தைத் திரையில் வைத்தாள். இன்னொரு நகலை அக்காவின் கைப்பேசிக்கு அனுப்பச் சொன்னேன். அனுப்பினாள். பிறகு கால்க் திறந்து, பாடத்தில் பாதியில் விட்ட மதிப்பெண் அட்டவணையைத் தொடர்ந்தாள்.